செயற்கைக் காலோடு நீளம் தாண்ட: பெங்களூரில் தொடங்குபவருக்கு

பிளேடு, அதாவது ஓட்டத்துக்கான வளைந்த கார்பன் கால், என்ன விலை என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது சாக்கெட்டைப் பற்றி, அதாவது மிச்சமுள்ள காலை (ஸ்டம்ப்) உள்ளே வாங்கிப் பிடிக்கும் கூட்டைப் பற்றி. ஸ்டம்ப்புக்குச் சரியாகப் பொருந்தாத சாக்கெட்டின் கீழே எத்தனை லட்ச ரூபாய் பிளேடை மாட்டினாலும், பத்து ஓட்டத்துக்குள் தோல் உரியும். அந்த வாரப் பயிற்சி அதோடு போச்சு. நீளம் தாண்டுதலில் இது இன்னும் மோசம். நூறு மீட்டர் ஓடுபவருக்கு ஒவ்வோர் அடியும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விழும். தாண்டுபவரோ கடைசி அடியில் உடல் எடையைப் போலப் பல மடங்கை அந்த ஒரு இடத்தில் இறக்கி, மறுநொடி காலை அந்தரத்தில் தொங்கவிடுகிறார். அமுக்கமும் இழுப்பும் அடுத்தடுத்து வரும். இரண்டையும் தாங்குகிற சாக்கெட் அமைந்த பிறகுதான் மற்ற பேச்செல்லாம்.

இது பெங்களூரில் இருக்கும் தமிழர்களை மனதில் வைத்து எழுதியது. ஊருக்குரிய தகவல்கள் தவிர மற்றவை எங்கிருந்தாலும் பொருந்தும்.

எந்த வகுப்பில் வருவீர்கள்

முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை, செயற்கைக் காலோடு போட்டியிடுகிறீர்கள் என்றால் உங்கள் போட்டி வகுப்பு டி64. முழங்கால் மூட்டோடோ அதற்கு மேலேயோ ஒரு கால் போயிருந்தால் டி63. இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே என்றால் டி62, மேலே என்றால் டி61. 2018க்கு முந்தைய செய்திகளில் டி42, டி43, டி44 என்று படித்துக் குழம்ப வேண்டாம். செயற்கைக் காலோடு போட்டியிடுபவர்களை அந்த ஆண்டுதான் தனி எண்களுக்கு மாற்றினார்கள். டி42, டி44 இப்போதும் உண்டு. காலில் குறைபாடு இருந்தும் செயற்கைக் கால் இல்லாமல் போட்டியிடுபவர்களுக்கானவை அவை. சேலம் மாரியப்பன் தங்கவேலு அப்படித்தான்: 2016 ரியோவில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியவர், செயற்கைக் கால் கட்டியவர் அல்ல. அவருடைய பயிற்சி நடந்தது இந்தப் பெங்களூரில்தான்.

உங்கள் பிரிவில் உச்சம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். டி64 ஆண்களில் ஜெர்மனியின் மார்கஸ் ரேம் 2023 ஜூனில் 8.72 மீட்டர் தாண்டினார். 2012 லண்டனில் தொடங்கி 2024 பாரிஸ் வரை நான்கு பாராலிம்பிக்கிலும் நீளம் தாண்டுதல் தங்கம் அவருக்குத்தான். மாவட்ட அளவில் 5 மீட்டர் தாண்டிவிட்டு அந்த எண்ணைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அவர் செயற்கை உறுப்புத் தொழில்நுட்பத்தை முறையாகப் படித்துத் தொழிலாகச் செய்தவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தன் காலின் ஒவ்வொரு திருகும் தெரிந்தவர். அந்தப் பாடத்தில் பாதியாவது உங்களுக்கும் வேண்டும்.

எப்போது தொடங்கலாம்

அறுவை முடிந்த பின் ஸ்டம்ப் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரைகூடச் சுருங்கிக்கொண்டே போகும். அதற்குள் ஓட்டத்துக்கென்று விலையுயர்ந்த சாக்கெட் போட்டால் மூன்றே மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். இந்தக் காலத்தில் நடைக் காலிலேயே உடம்பைத் தயார் செய்யலாம். வளரும் பிள்ளைகளுக்கு வேறொரு சிக்கல்: ஸ்டம்ப் முனையில் எலும்பு கூராக வளர்ந்து தோலை உள்ளிருந்து குத்தும். முனையில் வலி என்று பிள்ளை சொன்னால் சாக்கெட்டைக் குறை சொல்லும் முன் எக்ஸ்ரே எடுங்கள்.

தயாரா என்று பார்க்கச் சில சோதனைகள். நடைக் காலோடு அரை மணி நேரம் வேகமாக நடந்துவிட்டு லைனரை (ஸ்டம்ப்பின் மேல் போடும் மெத்தென்ற உறை) கழற்றுங்கள். தோலில் சிவப்பு இருக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையாமல் ஒரே இடத்தில் நின்றால் அங்கே சாக்கெட் குத்துகிறது. முழங்காலுக்குக் கீழே இழந்தவர்களுக்கு அந்த இடம் பெரும்பாலும் முழங்காலின் வெளிப்பக்கத்தில் துருத்தும் சின்ன எலும்பு, இல்லாவிட்டால் முன்னெலும்பின் கீழ் முனை. அடுத்து, செயற்கைக் காலில் மட்டும் பத்து வினாடி பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா பாருங்கள். மல்லாந்து படுத்து ஸ்டம்ப் தொடையின் கீழ் சுருட்டிய துண்டை வைத்து, அதை அமுக்கி இடுப்பை 15 முறை தூக்குங்கள். இது வராதவருக்கு ஓட்டத்தில் பிளேடை அமுக்கும் பலமும் வராது. பிளேடுக்குக் கணுக்கால் கிடையாது. அந்த வேலை முழுக்கப் புட்டத்துக்கும் பின்தொடைக்கும் போகிறது.

ஜெய்ப்பூர் கால் நடக்கவும் குந்தவும் வயல் வேலைக்கும் அருமையான பொருள். ஆனால் அதில் தாண்டிப் பழகாதீர்கள். கார்பன் பிளேடு போல அமுங்கித் திருப்பித் தள்ளாது. அடி முழுவதும் ஸ்டம்ப்பில் இறங்கும்.

காலைக் கட்டுவது

நான்கு பாகம். தோலை ஒட்டி லைனர், அதற்கு மேல் சாக்கெட், இரண்டையும் பிடித்துவைக்கும் ஏற்பாடு, கீழே பிளேடு.

பிடிப்பு ஏற்பாட்டில் இரண்டு வழி. லைனர் நுனியில் ஊசி மாதிரி ஒரு பின் இருந்து சாக்கெட்டின் அடியில் 'டக் டக்'கென்று பூட்டிக்கொள்வது ஒன்று. வால்வு வழியாகக் காற்றை வெளியேற்றி உறிஞ்சிப் பிடிப்பது இன்னொன்று. முழங்காலுக்குக் கீழே என்றால் மேலே காற்று புகாமல் மூடும் ஒரு ஸ்லீவும் வரும். நடைக்கு அந்தப் பின் வகையே போதும். தாண்டுதலுக்கு உறிஞ்சு முறையே எங்கள் சிபாரிசு. கால் அந்தரத்தில் வீசும்போது அந்த ஊசிப் பின், ஸ்டம்ப்பின் நுனிச் சதையை மட்டும் பிடித்துக் கீழே இழுக்கும். திரும்பத் திரும்ப இழுபட்டால் நுனி வீங்கிக் கருத்துவிடும்.

பிளேடை உடல் எடையும் செய்யும் விளையாட்டும் பார்த்துக் கெட்டித்தன்மை வகையாகப் பிரித்து விற்கிறார்கள். ஓசுர் நிறுவனத்தின் சீட்டா வரிசையும் ஆட்டோபாக் நிறுவனத்தின் ரன்னர், ஸ்பிரிண்டர் வகைகளும் அதிகம் புழக்கத்தில் உள்ளவை. டி63க்கு இவற்றோடு விளையாட்டுக்கான தனி மூட்டும் வேண்டும், ஆட்டோபாக்கின் 3எஸ்80 போல. நடைக்கான எலெக்ட்ரானிக் மூட்டை டிராக்கில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். மோட்டார், பேட்டரி உதவியோடு இயங்கும் எதற்கும் போட்டியில் இடமில்லை.

கெட்டித்தன்மை தவறினால் உடனே தெரியும். அதிகக் கெட்டி என்றால் தரை பட்டதும் உடம்பு மேலே தூக்கி எறியப்படும், முழங்காலில் சுத்தியல் பட்டது போலிருக்கும். இளகியது என்றால் அந்தப் பக்கம் ஒவ்வோர் அடியிலும் பள்ளத்தில் இறங்குவது போல இடுப்பு சாயும். கண்ணைவிடக் காது இதை நன்றாகப் பிடிக்கும். 40 மீட்டர் ஓடச் சொல்லி ஒருவர் திரும்பி நின்று ஒலியை மட்டும் கேட்கட்டும். இரண்டு காலின் இடைவெளியும் சீராக இருந்தால் சரி. 'ட-டப், ட-டப்' என்று நொண்டினால் உயரமோ கெட்டித்தன்மையோ தப்பு.

உயரம் பற்றி ஒரு குழப்பம் எப்போதும் வரும். எடை ஏற்றாமல் நிற்கும்போது பிளேடுப் பக்கம் சில செ.மீ. உயரமாகத்தான் இருக்கும், ஓடும்போது அமுங்கிச் சமமாகும். "கோணலாக இருக்கிறது" என்று பயந்து குறைக்கச் சொல்பவர்கள் ஓடும்போது நொண்டுவார்கள். அதே நேரம், பிளேடை வெளிப்பக்கமாக அரைவட்டம் அடித்துச் சுழற்றிக் கொண்டுவருகிறீர்கள் என்றால் உண்மையிலேயே உயரம் அதிகமாக இருக்கலாம். அல்லது தடுக்கிவிடுமோ என்ற பயத்தில் முழங்காலைத் தூக்காமல் இருக்கலாம். வீடியோவைப் பார்க்காமல் திருகில் கை வைக்காதீர்கள்.

ஒவ்வொரு நாளும் கட்டும் முறை இது. லைனரை முழுக்க உள்வெளியாகத் திருப்பி, அதன் அடிப்பகுதியை ஸ்டம்ப் நுனியில் அழுத்தி வைத்து, காற்றுக் குமிழி ஒன்றுகூட உள்ளே இல்லாமல் உருட்டி ஏற்றுங்கள். நுனியில் காற்று தங்கினால் அங்கே தோல் உறிஞ்சப்பட்டு, நாளடைவில் தடித்துச் சொரசொரப்பாகும். லைனரின் முன்பக்கம் நடுவில் மார்க்கரால் ஒரு கோடு, சாக்கெட்டின் விளிம்பில் அதற்கு நேரே இன்னொரு கோடு. பயிற்சி முடிந்து பார்க்கும்போது கோடுகள் விலகியிருந்தால் சாக்கெட் சுழல்கிறது. தாண்டும்போது பிளேடு நுனி வெளியே பார்த்ததற்குக் காரணம் உங்கள் உத்தி அல்ல என்று அப்போது புரியும். காலையில் இறுக்கமாக இருந்த சாக்கெட் முக்கால் மணி நேரத்தில் தளரும், ஸ்டம்ப் வற்றுவதால். அதற்குத்தான் 1, 3, 5 பிளை (தடிமன் அளவு) ஸ்டம்ப் சாக்ஸ். முதலில் ஒரு பிளை சேர்த்துப் பாருங்கள். நேராக ஐந்துக்குப் போனால் ஸ்டம்ப் சாக்கெட்டில் முழுதாக இறங்காமல் மேலேயே நிற்கும், கால் உயரமாகும், ரன்-அப் (தாண்டும் முன் ஓடிவரும் ஓட்டம்) கணக்கே மாறிவிடும். சாக்ஸ் மாற்றிய எண்ணிக்கையைப் பயிற்சி நோட்டில் எழுதுங்கள். "இன்றைக்கு ஏன் எல்லாம் ஃபவுல்" என்ற கேள்விக்குப் பல நாள் பதில் அந்தக் கட்டத்தில்தான் இருக்கும்.

லைனர் இரண்டு வேண்டும், மாற்றி மாற்றி. தினமும் மென்மையான சோப்பில் கழுவி நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் விறைத்துக் கிழியும். வேர்வை வழியும்போது லைனரைக் கழற்றித் துடைக்க வெட்கப்படாதீர்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை துடைப்பது வழக்கமாகட்டும்.

போல்ட்டுகளில் பெயின்ட் பேனாவால் தலைக்கும் உடலுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டால், திருகு நகர்ந்ததா என்று ஒரு பார்வையில் தெரியும். வாரம் ஒருமுறை பிளேடின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கார்பன் பிரிய ஆரம்பித்தால் நகம் மாட்டும். வெளுத்த கோடு தெரியும். ஓடும்போது 'க்ளிக்' என்று சத்தம் வரும். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்குத் தாண்டக் கூடாது.

பெங்களூரில் ஜே.பி. நகரில் உள்ள மொபிலிட்டி இந்தியா நீண்ட காலமாகச் செயற்கைக் கால் வேலை செய்யும் தொண்டு நிறுவனம். செயற்கைக் கால் செய்து பொருத்தும் தனியார் நிபுணர்களும் (பிராஸ்தெடிஸ்ட்) பலர் உண்டு. எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதுவரை எத்தனை ஓட்ட சாக்கெட் போட்டிருக்கிறீர்கள்? நடைக் கால் போடுவதில் கைதேர்ந்தவர் ஓட்டக் காலில் புதியவராக இருக்கலாம். பிளேடு வாங்கும் தொகையில் குறைந்தது இரண்டு முறை சோதனை சாக்கெட் போட்டுப் பார்ப்பதும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

எந்தக் காலில் எழும்புவது

டி63க்குக் கேள்வி எளிது. செயற்கை மூட்டு, எழும்பும் பலகையில் மடங்கிவிடும் அபாயம் இருப்பதால் நல்ல காலில் எழும்பித் தொடங்குவதே பாதுகாப்பு.

டி64இல் இரண்டும் நடக்கும். ரேம் பிளேடில்தான் எழும்புகிறார். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பிளேடுக்காரர்கள் ஓட்டத்தில் பின்தங்குகிறார்கள், எழும்பும் அடியில் மேலோங்குகிறார்கள் என்று கண்டார்கள். ஆரம்ப அடிகளில் பிளேடுக்கு வேகம் கூட்டத் தெரியாது. பலகையிலோ ஓட்ட வேகத்தை அதிகம் இழக்காமல் மேல்நோக்கித் திருப்பிவிடும். சாதாரணத் தாண்டுபவர் கடைசி அடிக்கு முன் இடுப்பைத் தாழ்த்தி, காலை முன்னே ஊன்றி, வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உயரம் வாங்குவார். பிளேடில் எழும்புபவர் அவ்வளவு தாழ்த்தவும் வேண்டாம், அவ்வளவு விட்டுக்கொடுக்கவும் வேண்டாம்.

அதனால் டி64இல் தொடங்குபவர்களை முதல் ஆறு வாரம் இரண்டு காலிலும் தாண்டவைத்து, 6 அடி (காலடி) ஓட்டத்தில் வரும் தூரத்தை ஒப்பிடச் சொல்கிறோம். பிளேடில் தூரம் குறைவாக வந்தால்கூட, ஸ்டம்ப் நீளமாகவும் தோல் நல்ல நிலையிலும் உள்ள இளைஞர் என்றால் பிளேடுக்கே போகலாம். பழகப் பழகக் கூடும். ஸ்டம்ப் மிகச் சிறியது, முழங்கால் தசைநாரில் பழைய காயம் என்றால் நல்ல காலிலேயே இருங்கள். முடிவெடுத்த பிறகு மாற்றாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால் மாற்றுபவர் இரண்டிலும் தேறுவதில்லை.

பிளேடில் எழும்புவதன் கடைசி மூன்று அடி. முன்-கடைசி அடி நல்ல காலில் விழும்: முழுப் பாதமும் தட்டையாக, முழங்கால் சற்றே மடிந்து. அடுத்து பிளேடு சட்டென்று தரைக்கு வர வேண்டும். இடுப்பு உயரமாக, உடல் நிமிர்ந்து, கண் எதிரே மணலுக்கு அப்பால். புதியவர்கள் இங்கே பலகையை ஓங்கி மிதிப்பார்கள். மிதிப்பதால் பிளேடு அதிகம் அமுங்காது. ஓடிவந்த வேகமும் உடல் எடையும்தான் அதை அமுக்குகிறது. மிதிக்கப் போனால் தொடை விறைத்து இடுப்பு பின்தங்கும், அவ்வளவுதான் மிச்சம். பிளேடை ரொம்ப முன்னால் நீட்டி ஊன்றினால் அது உங்களை மேலேயும் பின்னேயும் தள்ளும். அழகான உயரம், அரை மீட்டர் நஷ்டம். உடலுக்கு நேர் கீழே ஊன்றினால் அமுங்க நேரமே இருக்காது, பலகை மேல் ஓடிக் கடந்துவிடுவீர்கள். அமுங்கிய பிளேடு விரியும் அந்தக் கணத்தில் நல்ல காலின் முழங்கால் தொடை கிடையாகும் அளவுக்கு மேலே வந்திருக்க வேண்டும். முழங்கால் முந்தினாலும் பிந்தினாலும் பிளேடு தருவதில் பாதி வீண்.

நல்ல காலில் எழும்புபவருக்கு முன்-கடைசி அடி பிளேடில் விழுகிறது. பிளேடு தட்டையாக இறங்காது, கணுக்காலை மடக்காது. தாழ்வது முழுக்க இடுப்பிலும் முழங்காலிலும்தான் வர வேண்டும். 4 அடி, 6 அடிக் குறுகிய ஓட்டத்தில் இதை மாதக்கணக்கில் பழக வேண்டியிருக்கும்.

ரன்-அப் கணக்கு

தொடக்கத்தில் 8 முதல் 10 காலடி, ஓராண்டில் 12 முதல் 14, பிறகு வேகம் தாங்கினால் 16க்கு மேல். அடியின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது செயற்கைக் காலில் வெறும் பழக்கம் அல்ல. எழும்பும் காலை முன்னே வைத்து நின்று தொடங்கினால் இரட்டை எண்ணில் அதே காலில் பலகைக்கு வருவீர்கள். பிளேடில் எழும்புபவர் இப்படி நின்றால் முதல் தள்ளல் பிளேடிலிருந்து வரும். நின்ற நிலையில் பிளேடு எதையும் தள்ளாது. எனவே நல்ல காலை முன்னே வைத்து, 11, 13, 15 என்று ஒற்றைப்படையில் ஓடுங்கள். முதல் தள்ளல் நல்ல கணுக்காலிலிருந்து வரும், கடைசி அடி பிளேடில் விழும். நல்ல காலில் எழும்புபவருக்கு இரட்டைப்படை.

அளக்க, பலகையில் நின்று எதிர்த்திசையில் ஓடி, எண்ணிய கடைசி அடி எங்கே விழுகிறது என்று டேப் ஒட்டுங்கள். மூன்று நான்கு முறை ஓடி நடு இடத்தை எடுங்கள். பிறகு சரியான திசையில் ஓடும்போது, பலகைக்கு ஆறு காலடி முன்னால் கோச் ஒரு குறி வைத்து அதை மட்டும் பார்க்கட்டும். அந்தக் குறியில் சரியாக வந்து பலகையில் தவறினால் கோளாறு கடைசி அடிகளில்: பலகையைக் கண்ணால் தேடி அடியை நீட்டுகிறீர்கள். குறியிலேயே தவறினால் கோளாறு தொடக்கத்தில். 15 செ.மீ. தாண்டி விழுந்தால் தொடங்கும் இடத்தை 15 செ.மீ. பின்னால் தள்ளுங்கள், ஓட்டத்தை மாற்றாதீர்கள். எதிர்காற்றென்றால் தொடங்கும் இடத்தை முன்னே கொண்டுவாருங்கள், பின்காற்றென்றால் பின்னே.

பலகை 20 செ.மீ. அகலம். ரன்வே 1.22 மீட்டர் அகலம். பிளேடைச் சுழற்றி ஓடுபவர் கோட்டை மிதிப்பது இங்கே தெரிந்துவிடும். சிந்தெடிக் டிராக்கில் ஸ்பைக் ஆணி 9 மி.மீ.க்கு மேல் கூடாது. பிளேடின் அடியில் ஒட்டும் ஸ்பைக் தட்டுக்கும் இதே அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

மணலில்

அளவு, பலகைக்கு மிக அருகே மணலில் பதிந்த தடத்திலிருந்து எடுக்கப்படும். பிளேடுப் பதிவும் தடம்தான். காற்றில் இருக்கும்போது பிளேடுப் பக்கம் தன் எடையாலேயே தாழும், பின்தங்கும். நல்ல கால் ஓரிடத்தில் விழ, பிளேடு அதற்குப் பின்னால் கோடு கிழிக்கும். இப்படிப் போகும் தூரம்தான் தொடக்கநிலையினருக்கு மிகப் பெரிய நஷ்டம், அதுவும் சரிசெய்ய எளிதான நஷ்டம். மேட்டின் மேலிருந்து மணலில் இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி இறங்கும் பயிற்சியை ஓட்டமே இல்லாமல் வாரம் 15, 20 முறை செய்யுங்கள். பிளேடுப் பக்க இடுப்பை மடக்கித் தூக்கும் பலம் வர வேண்டும். அதற்குத் தொங்கியபடி முழங்காலைத் தூக்குவது, காலைக் கட்டிக்கொண்டே.

தாண்டும் முன் குழியைக் கொத்தி லேசாக நனைக்கச் சொல்லுங்கள். இறுகிய மணலில் பிளேடு குத்தி நின்றுவிட்டால் ஸ்டம்ப் சாக்கெட்டுக்குள் முறுக்கும். பயிற்சி முடிந்ததும் வால்வு, ஸ்லீவ் மடிப்பு, லைனர் வாய் ஆகிய இடங்களில் மணலைத் துடையுங்கள். ஒரு மணல் துகள் லைனருக்குள் போய் 30 மீட்டர் ஓடினால் போதும், கொப்புளம் ரெடி.

வாரமும் இடமும்

கண்டீரவா ஸ்டேடியம் அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரம். ஊதா வழி மெட்ரோவில் அல்சூரிலிருந்து கப்பன் பார்க் மூன்றாவது நிறுத்தம். அந்த ஸ்டேடியம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் சம்பங்கி ஏரி. மழை நாளில் பழைய ஏரி ஞாபகத்துக்கு வரும். நிகழ்ச்சிகளுக்காக டிராக்கை மூடுவதும் உண்டு, எனவே முன்னாலேயே விசாரித்துப் போங்கள். சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) மையம் ஞானபாரதி பக்கம். அங்கே நேராக நுழைந்து பயிற்சி எடுக்க முடியாது, தேர்வு வழியாகத்தான். நீளம் தாண்டுதலுக்கு இந்த ஊர் புதிதல்ல: 2003 உலகப் போட்டியில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்ற அஞ்சு பாபி ஜார்ஜ் இங்கேதான் இளையவர்களை உருவாக்கிவருகிறார். பாரா அனுபவம் உள்ள கோச் கிடைக்காவிட்டால், நல்ல நீளம் தாண்டுதல் கோச்சும் பொறுமையான பிராஸ்தெடிஸ்ட்டும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும்படி செய்தாலே பாதி வேலை ஆகிவிடும்.

வாரத்தில் முழு ஓட்டத்தோடு தாண்டுவது இரண்டு நாள் போதும், நாளுக்கு 6 முதல் 8 தாண்டல். இன்னும் இரண்டு நாள் 30, 40 மீட்டர் வேக ஓட்டமும் குறுகிய ஓட்டத் தாண்டலும். இரண்டு நாள் ஜிம்: ஹிப் திரஸ்ட், ஒற்றைக் கால் டெட்லிஃப்ட், வயிறு, முதுகு. ஒரு நாள் பிளேடே கட்டக் கூடாது. நல்ல காலின் குதிகால் தசைநாரையும் முழங்காலையும் மறந்துவிடாதீர்கள். அன்றாட நடையிலும் சுமை அந்தப் பக்கம்தான் சாய்கிறது. பாராவில் பலரது பயிற்சி நின்றுபோவது நல்ல காலின் காயத்தால்தான். தோல் உரிந்தால் ஆறும் வரை பிளேடு இல்லை. மருந்து ஒட்டி ஓடிப் பார்க்கலாம் என்பவர் ஒரு வாரத்தில் முடிவதை ஒரு மாதமாக்கிக்கொள்வார்.

மாலை மழைக் காலத்தில் காலைப் பயிற்சியே சரி. நனைந்த பிளேடோடு பளிங்குத் தரையில் நடக்க வேண்டாம். குழியருகே நடைக் காலை வைத்திருந்து உடனே மாற்றுங்கள்.

காகிதம், மாநிலம், பணம்

யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), பாஸ்போர்ட், அறுவை சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே. இந்த நான்கும் ஒரே உறையில் இருக்கட்டும். பெங்களூர்த் தமிழருக்கு முதல் முடிவு, கர்நாடகத்துக்காகவா தமிழ்நாட்டுக்காகவா என்பது. முகவரிச் சான்று எங்கே இருக்கிறதோ அங்கே பதிவது சிக்கலில்லாதது. ஒரு மாநிலத்தில் ஆடிவிட்டு மாற நினைத்தால் பழைய சங்கத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் வேலை நகராது. தமிழ்நாட்டில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமான எஸ்.டி.ஏ.டி.யின் எலைட், மிம்ஸ், சி.டி.எஸ். உதவித் திட்டங்கள் இருக்கின்றன, அவை தமிழ்நாட்டு வீரர்களுக்கு. சித்தப்பா வீட்டு முகவரியில் ஆதார் மாற்றிச் சமாளிக்கலாம் என்ற யோசனை வேண்டாம்; போட்டிக்கு முந்தைய நாள் அது வெளியே வரும்.

படிகள்: மாநிலப் போட்டி, இந்திய பாராலிம்பிக் கமிட்டி நடத்தும் தேசியப் போட்டி, கேலோ இந்தியா பாரா விளையாட்டு, பிறகு சர்வதேச அங்கீகாரம் உள்ள போட்டி. உலகப் பாரா தடகளப் போட்டியே 2025இல் டெல்லியில் நடந்தது. வெளிநாடு போகாமலே சர்வதேச வகைப்படுத்தலுக்கு (உங்கள் வகுப்பை உறுதிசெய்யும் பரிசோதனை) வழி இருக்கிறது என்பது முந்தைய தலைமுறைக்குக் கிடைக்காத வசதி. வகைப்படுத்தலுக்குப் போகும்போது போட்டியில் கட்டும் அதே காலோடு போங்கள். மருத்துவரும் தொழில்நுட்பக்காரரும் பார்ப்பார்கள், பிறகு போட்டியிலும் கவனிப்பார்கள்.

நடைக் காலுக்கு மத்திய அரசின் ஆடிப் திட்டம் உதவும். பந்தய பிளேடை அதில் எதிர்பார்க்காதீர்கள். பெங்களூரில் உள்ள கோஸ்போர்ட்ஸ் அறக்கட்டளை பாரா வீரர்களுக்குத் தனித் திட்டம் வைத்திருக்கிறது. பதக்க வாய்ப்புள்ளவர் என்று தேறினால் மத்திய அரசின் டாப்ஸ் திட்டத்தில் மாதம் 50,000 ரூபாய் கைச்செலவுத் தொகை உண்டு. அந்த நிலை வரும்வரை வேலையை விடாதீர்கள். நிதி கேட்டு எழுதும்போது பிளேடின் விலையை மட்டும் போடாமல், இரண்டு லைனர், ஸ்லீவ், அடுத்த ஆண்டு மாற்ற வேண்டிய சாக்கெட் எல்லாம் சேர்த்துப் போடுங்கள். பிளேடை மட்டும் வாங்கிக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடும் புரவலர்கள் நிறைய.

மாத்திரையில் கவனம்

இல்லாத காலில் வலி வருவது பலருக்கும் உண்டு. அதற்குச் சில மருத்துவர்கள் டிரமடால் எழுதுவார்கள். 2024 ஜனவரி 1 முதல் அது போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்ட மருந்து. ஸ்டம்ப் நரம்பு முடிச்சுக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. எந்த இடத்தில் போட்டாலும். தேவை என்றால் முன்கூட்டியே மருத்துவ விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். "டாக்டர் எழுதிக்கொடுத்தார்" என்பது தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் விசாரணையில் பதிலாகாது.

போட்டி நாள்

பேர் கூப்பிட்டதிலிருந்து ஒரு நிமிடம். அதற்குள் சாக்ஸ் மாற்ற முடியாது. முந்தைய ஆள் ரன்வேயில் நிற்கும்போதே ஸ்லீவை இழுத்து, வால்வை அமுக்கிக் காற்றை விட்டுத் தயாராகுங்கள். மூன்று வாய்ப்பு, முதல் எட்டுப் பேருக்கு இன்னும் மூன்று. முதல் தாண்டலைப் பலகைக்கு 10 செ.மீ. உள்ளேயே வைத்து ஓர் அளவைப் பதிந்துவிடுவது நல்லது. காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்னிருந்து வீசினால் தாண்டிய அளவு போட்டிக்குச் செல்லும், சாதனையாகாது. பெங்களூர் மேடான ஊர், எனவே இங்கே தாண்டியது கணக்கில் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உயர இடம் என்ற குறிப்பு 1,000 மீட்டருக்கு மேல்தான், இந்த ஊர் சுமார் 900.

ஓடிவரும்போது கால் கழன்றால் அந்த ஒரு நிமிடத்துக்குள் மாட்டிக்கொண்டு மறுபடி ஓடலாம். எழும்பிய பிறகு கழன்று மணலில் விழுந்தால், அது விழுந்த இடம் உங்கள் உடலைவிடப் பலகைக்கு அருகே என்றால் அங்கிருந்துதான் அளப்பார்கள். பையில் மாற்று லைனர், மாற்று ஸ்லீவ், மூன்று அளவு சாக்ஸ், ஆலன் கீ, ஸ்பைக் சாவி, துண்டு, ஒட்டும் டேப். விமானத்தில் போனால் பிளேடையும் லைனரையும் கையோடு எடுத்துப் போங்கள். ஆலன் கீயை மட்டும் பெரிய பெட்டியில் போடுங்கள், செக்யூரிட்டியில் பிடுங்கிவிடுவார்கள்.